பக்கத்துப் போர்ஷன் ரைஃபிள்

சம்பத் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் போர்ஷனில் யாரோ ஒரு ரைஃபிளின் போல்ட்டை இழுத்தார்கள்.

உங்களுக்கும் எனக்கும் அது கதவுத் தாழ்ப்பாளை இழுத்த சத்தமாகத்தான் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்தத் தெருவில் இருந்த வேறு யாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் சம்பத் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவர். சண்டை போடுகிற வேலை அல்ல. சண்டை போடுகிறவர்களின் துப்பாக்கியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, பழுது பார்த்துத் திரும்ப மாட்டித் தருகிற வேலை. ஜபல்பூர், பட்டான்கோட், செகந்திராபாத் என்று எங்கே மாற்றினாலும் அவருக்கு வாய்த்தது ஒரு பெஞ்சும், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸும்தான். கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே ரைஃபிளுக்கு வைத்தியம் பார்ப்பார் என்று பட்டாலியனில் அவருக்குப் பேர் உண்டு.

காபியை மேடைமேல் வைத்துவிட்டுச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டார். மறுபடியும் போல்ட் பின்னால் போய் முன்னால் வந்தது. பிறகு தோட்டாக்களைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே இறக்குகிற சத்தம். கடைசியாக, கவனிக்காவிட்டால் தப்பிப்போகிற அளவுக்குச் சின்னதாக ஒரு 'டிக்'.

"நம்பர் ஃபோர்!" என்று வாய்விட்டே சொன்னார். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

அந்த 'டிக்'தான் விஷயம். த்ரீ நாட் த்ரீ ரைஃபிளில் பழைய நம்பர் ஒன், புதிய நம்பர் ஃபோர் என்று இரண்டு ஜாதி. பழையதில் குறி பார்க்கிற சைட் குழலின் நடுவில் கிடக்கும். நம்பர் ஃபோரில் அது பின்னால், கண்ணுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். விரலால் நிமிர்த்தினால் 'டிக்' என்று சொல்லிக்கொண்டு நிற்கும். சம்பத் அந்த 'டிக்'கை ஆயிரக்கணக்கான ரைஃபிளில் கேட்டவர். கடைசியாகக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார், நாம் சொல்லிவிடலாம்.

மனிதர் தனி ஆள். வேங்கைவாசலில் நிலபுலன் இருந்த குடும்பம். அண்ணன் தம்பிகள் வயலை மனை போட்டு விற்றபோது, லீவில் வந்திருந்த இவர் பங்குக்கு வந்ததை வைத்து இங்கே இரண்டு போர்ஷனாக வீடு கட்டினார். ஒன்றில் தானும் மனைவி கிளியம்மாளும், இன்னொன்றில் வாடகைக்கு ஆள் என்று கணக்கு. கிளியம்மாள் அந்த வீட்டில் ஒரு பொங்கல் வைத்தாள். அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை. லீவு கிடைத்து, பட்டான்கோட்டிலிருந்து ரயில் மாறி மாறி இவர் வந்து சேர்ந்தபோது காரியம்கூட முடிந்துவிட்டிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. ரிடையர் ஆகி வந்தவரிடம் தெருவில் யாராவது நின்று பேசினார்கள் என்றால் அது மில்ட்ரி கேன்டீன் ரம்மைப் பற்றித்தான் இருக்கும். "ஒண்ணு கிடைக்குமா சார்?" என்பார்கள். கிடைக்கும் என்றால் சிரிப்பார்கள். கிடைக்காது என்றாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவு காலம் அவர் என்ன செய்தார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வது? அவர் பாட்டுக்கு மீசையை நன்றாக முறுக்கி விட்டுக்கொண்டு வாசலில் ஜவான் மாதிரி நின்றார். அதைப் பார்த்து வர இருந்த ஒன்றிரண்டு பேரும் வராமல் போனார்கள்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்தவன் ரங்கன். கோவளத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கோடம்பாக்கத்தில் ஏதோ ஸ்டுடியோவில் வேலை என்று புரோக்கர் சொன்னார். காலையில் தாம்பரத்துக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில். சில நாள் போகாமல் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான். சம்பத்தைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு நழுவுவான். என்ன வேலை என்று சம்பத் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது கௌரவம் என்று நினைத்துவிட்டார்.

மறுநாளும் சத்தம் வந்தது. அதற்கு மறுநாளும். சம்பத் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டார். சாயங்காலக் காபியை அங்கேயே உட்கார்ந்து குடித்தார். போல்ட் சத்தம் வந்தால் தலையை ஆட்டுவார். வராவிட்டால் இன்னொரு அரை டம்ளர் ஊற்றிக்கொண்டு காத்திருப்பார். அந்த வீட்டில் அவர் எதற்காகவாவது காத்திருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஆனால் காலம் அப்படி. தொண்ணூற்றொன்று ஜூன் மாதம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேம்ப் ரோட்டில் ஆட்டோவில் மைக் கட்டி, வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் உடனே தகவல் தரும்படி சொல்லிக்கொண்டு போனார்கள். டீக்கடையில் பேசுகிற பேச்சில் தனியாக இருக்கிற வாலிபன் என்றாலே புலி என்று ஆகியிருந்தது. வீட்டுக்காரனையும் சேர்த்து உள்ளே தூக்கி வைப்பார்களாம் என்று ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் பென்ஷன் போய்விடும் என்றார். சம்பத் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

அன்று சுவருக்கு அந்தப்புறம் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது. பிரென் கன். மேலே வளைந்த மேகஸினைத் தட்டிப் பொருத்துகிற சத்தம். அடுத்த நாள் ஸ்டென் கன். அதற்கடுத்து, நடுவில் மடங்கித் திறக்கிற வெப்லி ரிவால்வர். சம்பத்துக்கு வியர்த்துவிட்டது. பக்கத்துப் போர்ஷனில் ஓர் ஆயுதக் கிடங்கே இருக்கிறதே!

எல்லாவற்றையும்விட அவரைக் கலக்கியது வேறு ஒன்று. நம்பர் ஃபோரின் போல்ட் எத்தனை தடவை இழுக்கப்பட்டாலும் ஒரே வேகம், ஒரே அழுத்தம், இடையில் ஒரே இடைவெளி. ரெக்ரூட் பையன்கள் இழுத்தால் ஒரு தடவை முரட்டுத்தனமாக இருக்கும், ஒரு தடவை தயங்கும். ஒரே மாதிரி வர வேண்டுமானால் பல வருஷம் பழகிய கை வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நழுவுகிற இந்தக் கோவளத்துப் பயலுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது?

இரண்டு நாள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். நாலு எட்டு நடந்தால் அந்தக் கதவு. ஆனால் பல மாதமாக "வாங்க" என்றுகூடச் சொல்லாத ஒருவனிடம் எடுத்தவுடனே "ரைஃபிள் வைத்திருக்கிறாயா?" என்று எப்படி ஆரம்பிப்பது? அந்த நாலு எட்டைவிடப் போலீஸ் ஸ்டேஷன் அவருக்குக் கிட்டத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார். முதலில் அசட்டையாகத்தான் கேட்டார். ஆர்மரர் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து டீ வரவழைத்தார். என்ன துப்பாக்கி, எப்படித் தெரியும், நம்பர் ஒன் என்றால் என்ன, நம்பர் ஃபோர் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பத் மேஜைமேல் விரலால் வரைந்து காட்டினார். போல்ட் எங்கே, சைட் எங்கே, 'டிக்' எங்கிருந்து வரும் என்று சொன்னார். ரிடையர் ஆன பிறகு ஒரு மனிதர் அவரை எதிரில் உட்கார வைத்து இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் அவருக்கு எழுந்து போக மனசு வரவில்லை. அதனால் சொல்ல வேண்டாததையும் சொன்னார்.

"நல்ல டிரெயினிங் எடுத்த கை சார். ஒரே அளவு. ஒரே வேகம். நம்ம ஜவான்கள்லயே அப்படி இழுக்கிற ஆளு அபூர்வம்."

"அப்படியா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஒரு வார்த்தைக்காக சம்பத் இன்னும் கால் மணி பேசியிருப்பார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சம்பத் மட்டும் தன் கதவுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரம் பாத்திரம் உருள்கிற சத்தம், அதட்டல், ரங்கனின் குரல், பிறகு ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம். ஒரு கான்ஸ்டபிள் வந்து, "வூட்டுக்காரரே, இன்ஸ்பெக்டர் கூப்புடுறாரு, உள்ள வாங்க," என்றார். ரங்கனை ஏற்கெனவே ஜீப்புக்குள் தள்ளியிருந்தார்கள். அவன் முகம் தெரியவில்லை.

சம்பத் தான் கட்டிய போர்ஷனுக்குள் ரங்கன் குடிவந்த பிறகு முதல் தடவையாகக் காலை வைத்தார். ஒரு பாய், ஒரு ஸ்டவ். சுவரை ஒட்டி ஒரு டி.வி., ஒரு வி.சி.ஆர்., பெரிய ஸ்பூல் டேப் ரெகார்டர், ஆள் உயர ஸ்பீக்கர். துப்பாக்கி இல்லை. துப்பாக்கியின் ஓர் ஆணிகூட இல்லை.

"இதைப் பாருங்க," என்று இன்ஸ்பெக்டர் வி.சி.ஆரைத் தட்டினார்.

ஜப்பான்காரர்களின் பொம்மைப் படம். வாராவாரம் அவர்கள் ஊர் டி.வி.யில் வருகிற தொடராம். பனி கொட்டுகிற மலையில் ஒரு ரயில் போகிறது. முகத்தில் பாதிக்குக் கண் உள்ள ஒரு பெண் ரயிலின் கூரைமேல் படுத்திருக்கிறாள். மூக்கு ஒரு புள்ளி, வாய் ஒரு கோடு. அவளை வரைந்தவர்கள் அவ்வளவுதான் சிரமப்பட்டிருந்தார்கள். ஆனால் அவள் கையில் இருந்த ரைஃபிளை வரைந்தவன் ஒரு ஸ்க்ரூவைக்கூட விடவில்லை. தோட்டாக் கிளிப் உட்காருகிற பள்ளம், போல்ட்டின் உருண்டைக் குமிழ், பின்னால் படுத்திருக்கிற சைட். அவள் விரலால் நிமிர்த்தினாள். 'டிக்.'

"இதானா நீங்க கேட்ட சத்தம்?"

சம்பத் தலையை ஆட்டினார். ஒரே அளவு, ஒரே வேகம். இருக்காதா? ஒரே டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வேறு எப்படி இருக்கும்! கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சம்பத்துக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"சார், இது படம் சார். நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். அந்தப் பையனை விட்டுடுங்க."

"அது எப்படிங்க? இத்தினி துப்பாக்கிச் சத்தத்தை எதுக்குச் சேர்த்து வெச்சிருக்கான்? நீங்களே நேத்து டிரெயினிங் எடுத்த கைன்னீங்க. மேல எழுதிப் போட்டாச்சு. விசாரிச்சுட்டுத்தான் விட முடியும்."

டி.வி.யையும் டேப்புகளையும் மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் சம்பத் காபி போடவில்லை.

மறுநாள் வந்தவள் ரங்கனின் அம்மா செல்வம்மாள். கோவளத்திலிருந்து பஸ் மாறி, மீன் வாசனையோடு, காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே வந்திருந்தாள். வியாபாரத்துக்குப் போன இடத்தில் யாரோ சொல்லிக் கேட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

"அய்யா, எம் புள்ளய இட்டுகினு பூட்டாங்களாமே. இன்னா தப்பு பண்ணான் அவன்? கடலுக்குப் போடான்னா அலையப் பார்த்துப் பயந்துகினு கரையிலே நின்ன புள்ள அது. அலை சத்தத்த டேப்புல புடிக்கிறேன்னு ஒக்காந்துகினு இருக்கும். அவன் துப்பாக்கிக்கு இன்னா பண்ணுவான்?"

சம்பத் நாற்காலியை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை.

"நீங்க மில்ட்ரிகாரரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்கய்யா. எனக்கு இந்தப் பக்கம் வேற யாரையும் தெரியாது."

இங்கே ஒரு நல்ல மனிதராக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார். சம்பத் நல்லவர்தான், ஆனால் ஒருத்தி நம்பிக்கையோடு தன் வாசலில் வந்து நிற்கிற அனுபவம் அவருக்குப் புதிது. அதை உடைக்கத் துணிச்சல் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, மெடல் குத்திய கோட்டையும் போட்டுக்கொண்டு, அவளோடு கிளம்பினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்ததும், "என்ன, நீங்களே வந்து—" என்று ஆரம்பித்தார்.

"பையனுக்கு நான் ஜவாப்தாரி சார்," என்று சம்பத் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "எந்த இடத்துல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். நல்ல பையன்."

இன்ஸ்பெக்டர் செல்வம்மாளைப் பார்த்தார், சம்பத்தைப் பார்த்தார், லேசாகச் சிரித்துக்கொண்டார். ஸ்டுடியோவிலும் கேட்டாகிவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் ரங்கனைக் கூட்டி வந்து விட்டார்கள். சட்டையில் பொத்தான் இல்லை. வலது காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டே வந்தான். அம்மா ஏதோ கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பி இடது காதை அவள் பக்கம் காட்டினான்.

செல்வம்மாள் அங்கேயே, அத்தனை போலீஸ்காரர்களுக்கு முன்னால், சம்பத்தின் காலில் விழுந்தாள். "நீ நல்லா இருக்கணும் சாமி!" என்றாள். சம்பத் பின்னால் நகர்ந்துகொண்டார். செத்துவிட்டால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ரங்கன் கோவளத்துக்குப் போய்விட்டான், இனி வரமாட்டான், சாமான் எடுக்க யாராவது வருவார்கள் என்று சம்பத் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டிய சத்தம். ரங்கன் நின்றான். டி.வி.யும் டேப்பும் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னான்.

"சார், ஒரு ஒத்தாச பண்ணணும் சார்."

"சொல்லுப்பா. உள்ள வா."

அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே நின்று சொன்னான். நம் ஊர்ப் படத்தில் துப்பாக்கி என்றால் 'டுமீல்' ஒன்றுதான். அதைக் கையில் எடுக்கிற சத்தம், இழுக்கிற சத்தம், குண்டு போடுகிற சத்தம் ஒன்றும் சரியாக இருப்பதில்லை. ஸ்டுடியோவில் ரெகார்டிங் பார்க்கிறவர் சிங்கப்பூரிலிருந்து இந்த ஜப்பான் தொடரின் கேஸட்டுகளை வரவழைத்து, இதிலிருந்து சின்னச் சின்னச் சத்தமாகப் பிரித்து எடுத்துத் தரும்படி ரங்கனிடம் கொடுத்திருக்கிறார். பாட்டும் பேச்சும் கலக்காத இடமாகப் பொறுக்கி எடுப்பது மெனக்கெட்ட வேலை. ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே தேடுவான். ஒரு துண்டு கிடைத்தால் மட்டும் ஸ்பீக்கரில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்ப்பான். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் அது இன்னது என்று வாயால் சொல்லிப் பதிவு பண்ண வேண்டும். அப்போதுதான் எடிட்டிங்கில் தேடுகிறவனுக்குத் தெரியும்.

"பேரு எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மொதல்லயாவது இந்தச் சத்தம் வேற, அந்தச் சத்தம் வேறன்னு காதுல பிடிபடும். இப்ப இந்தக் காது கொய்ங்குனு அடிச்சிகினே கீது. எல்லாம் ஒண்ணாட்டம் கேக்குது. நாளைக்கு டேப்பு குடுக்கலன்னா வேற ஆளப் பாத்துப்பாங்க. நீங்க வந்து ஒக்காந்து பேரு மட்டும் சொன்னீங்கன்னா..."

சம்பத் செருப்புகூடப் போடவில்லை.

ரங்கன் அவருக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தான் பாயில் உட்கார்ந்தான். மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தான். படம் ஓடியது. சம்பத் தொடை மேல் கையை ஊன்றிக்கொண்டு டி.வி.க்குள்ளேயே போய்விடுகிறவர் மாதிரி குனிந்தார்.

"ஸ்டென்! பாரு, இடது பக்கத்துல மேகஸின் நீட்டிக்கிட்டிருக்கு. பிளம்பர் பைப்புல பண்ணினா மாதிரி இருக்கும், ஆனா சரியான வேலைக்காரன். அடிக்கடி ஜாம் ஆகும். நான் எத்தனை சரி பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"மைக்குல பேரு மட்டும் சொல்லுங்க சார்," என்று ரங்கன் சிரித்தான். அவன் சிரித்து சம்பத் பார்த்தது அப்போதுதான்.

பிரென் வந்தது. வெப்லி வந்தது. ஒவ்வொன்றுக்கும் சம்பத் பேரைச் சொன்னார். ரங்கன் பட்டனை அழுத்திப் பதிந்துகொண்டான். பதிவு நிற்கிற இடைவெளியில் சம்பத் மற்றதையெல்லாம் சொன்னார். பட்டான்கோட்டுக் குளிரில் எண்ணெய் உறைந்துபோனது, ஆயுத பூஜைக்கு வரிசையாக ரைஃபிளை நிற்க வைத்துச் சந்தனம் வைத்தது, மறுநாள் அந்தச் சந்தனத்தைத் துடைத்து எடுக்க இவர் பட்ட பாடு. ரங்கன் இடது காதை அவர் பக்கம் வைத்துக் கேட்டான். நடுவில் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தான். சம்பத்துக்கு அந்த வீடு கட்டியதிலிருந்து இப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை.

"நான் குடி வந்த அன்னிலேர்ந்து உங்களாண்ட கேக்கணும்னுதான் சார்," என்றான் ரங்கன். "மில்ட்ரிகாரராச்சே, எல்லாம் தெரியுமேன்னு. ரெண்டு மூணு தபா உங்க வாசலாண்ட வந்து நின்னுட்டுத் திரும்பிட்டேன். உங்க மீசையப் பாத்தாலே பேஜாரா இருந்துச்சு."

சம்பத் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் இந்தச் சாயங்காலம் முடிந்துவிடும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்துவிட்டார்.

திரையில் ரயில் கூரைமேல் அந்தப் பெண் வந்தாள். போல்ட்டை இழுத்தாள்.

"ஆ, இதுதான் ராணி!" என்றார் சம்பத். ரங்கன் பட்டனை அழுத்தினான். "நம்பர் ஃபோர் ரைஃபிள். போல்ட்."

ரங்கனின் விரல் பட்டனிலேயே இருந்தது. டேப் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதை நிறுத்தினான்.

"இன்னா சொன்னீங்க சார்?"

"நம்பர் ஃபோர். த்ரீ நாட் த்ரீல அது ஒரு—"

"ஸ்டேஷன்ல அதத்தான் சார் கேட்டாங்க. நம்பர் ஃபோர் எங்கடா, நம்பர் ஃபோர் எங்கடான்னு. எனக்கு அது இன்னான்னே தெரியல. தெரியலன்னு சொல்லச் சொல்ல இங்கயே அடிச்சாங்க." காதைத் தொட்டுக் காட்டினான். "போலீசுக்கு இந்தப் பேரு எப்டித் தெரியும்னு நெனச்சுகினே இருந்தேன்."

அவன் சம்பத்தைப் பார்த்தான். முறைக்கவில்லை. மனக்கணக்கு ஒன்றைப் போட்டு முடித்தவன் மாதிரி பார்த்துவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ரங்கா..."

"அடுத்தது சொல்லுங்க சார். மணி ஆவுது."

சம்பத் சொன்னார். நம்பர் ஃபோர், கிளிப் இறக்குவது. நம்பர் ஃபோர், சைட். நம்பர் ஃபோர், சேஃப்டி. ரங்கன் ஒவ்வொன்றுக்கும் பட்டனை அழுத்தினான், எடுத்தான். "அடுத்தது," என்பதைத் தவிர வேறு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. டீ அப்படியே இருந்தது.

கடைசியாக வந்தது ஜப்பான்காரர்களின் சொந்த ரைஃபிள். அதன் போல்ட்டுக்கு மேலே தூசி படாமல் ஒரு தகடு மூடியிருக்கும். இழுக்கும்போது தகடும் சேர்ந்து கலகலக்கும். சம்பத் படித்த டிரெயினிங் ஸ்கூலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்று இருந்தது.

"அரிசாகா ரைஃபிள். போல்ட்," என்றார் சம்பத். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ரங்கனின் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாமல் மைக்கைப் பார்த்தே சொன்னார். "நான்தான் ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன் ரங்கா. நிஜத் துப்பாக்கின்னு நெனச்சுட்டேன். உன் கதவைத் தட்டிக் கேட்டிருக்கணும். மன்னிச்சுடுப்பா."

ரங்கன் டேப்பை நிறுத்தினான். கையால் ஸ்பூலைப் பின்னுக்குச் சுற்றினான். ஓட விட்டுக் கேட்டான். சம்பத்தின் குரல் பெரிய ஸ்பீக்கரில், மன்னிப்பு வரைக்கும், முழுசாக வந்தது. ரங்கன் இடது காதைச் சாய்த்து அதைக் கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு மறுபடியும் பின்னுக்குச் சுற்றி, சரியான இடத்தில் நிறுத்தி, பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டான்.

"இதுமேலேயே எடுத்துடலாம் சார். பேரு மட்டும் இன்னொரு தபா சொல்லுங்க."

சம்பத் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரைஃபிளின் பேரைச் சொன்னார்.